மேஸ்திரி சொல்லாத மூன்றாவது வரி

எங்கள் கொட்டகைச் சுவரில் ஹெல்மெட் மாட்டுவதற்காக வரிசையாகப் பதின்மூன்று ஆணிகள் அடித்திருந்தார்கள். மேஸ்திரியைத் தவிர நாங்கள் பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவது ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் மேஸ்திரியின் இதயம் இருந்தது. அதாவது, இதயத்தைப் படம் பிடித்த சிடி, டாக்டர் எழுதிய தாள்கள், ஆபரேஷனுக்கு வந்து படுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு. வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி அதைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்பார். தூக்கிப் போட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அதனால் பை கொட்டகையிலேயே கிடந்தது. யாரும் அதைத் தொடக் கூடாது. கடல் காற்றில் பை லேசாக ஆடினால்கூட மேஸ்திரி பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அதைப் பார்ப்பார்.

மேஸ்திரி ராயபுரத்துக்காரர். மீன்பிடிக்கிற குடும்பம், ஆனால் அவர் படகேறாமல் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்துவிட்டார். எங்களுடையது லாஷிங் வேலை. கப்பலின் மேல்தளத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்கள் நடுக்கடலில் சரிந்துவிடாமல், நீளமான இரும்புக் கம்பிகளை மாட்டி முறுக்கிக் கட்ட வேண்டும். வந்து சேரும் கப்பலில் அவற்றை அவிழ்ப்பதும் நாங்கள்தான். மேஸ்திரிக்குக் கழுத்தில் ஒரு விசில் உண்டு, ஆனால் அது தேவைப்படாத அளவுக்குக் குரலும் உண்டு. ஒரு வெளிநாட்டுக் கப்பலின் கேப்டனிடமே, "இன்னா நைனா, இது கப்பலா, காயலான் கடையா?" என்று கேட்டவர். கேப்டன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கைகுலுக்கினார்.

அப்படிப்பட்டவருக்குச் சாவு என்றால் மட்டும் நடுக்கம். தெருவில் சாவு மேளம் கேட்டால் எதிரில் எந்தக் கடை திறந்திருக்கிறதோ அதற்குள் நுழைந்துவிடுவார். ஒரு முறை அப்படிப் பெண்கள் ரவிக்கை தைக்கும் கடைக்குள் நுழைந்து, ஊர்வலம் கடக்கும்வரை அங்கே நிற்க ஒரு காரணம் வேண்டுமே என்று, மனைவிக்கு ரவிக்கை தைக்க உத்தேசமாக ஓர் அளவு சொல்லிவிட்டு வந்தார். அந்த ரவிக்கையை அக்கா கடைசிவரை போடவில்லை. இரண்டு பேர் போட்டுக்கொள்ளலாம் என்று காட்டிக் காட்டிச் சிரிப்பார். மேஸ்திரியின் மனைவியை நாங்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

மேஸ்திரியின் இதயத்தில் மூன்று இடங்களில் அடைப்பு இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். முதல் முறை கப்பல் வந்துவிட்டது என்று வீட்டில் பொய் சொன்னார். இரண்டாவது முறை நிஜமாகவே கப்பல் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவர் ஒரு கப்பலை வரவேற்று நான் பார்த்ததில்லை. மூன்றாவது முறையும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம், மறுபடி முதலிலிருந்துதான் வரிசை, அவ்வளவு நாள் இதயம் தாங்காது என்று டாக்டர் அக்காவிடம் சொல்லிவிட்டார். கோயில் ஃபாதர் வீட்டுக்கே வந்து பரலோகத்தைப் பற்றி ஆறுதலாகப் பேசினார். மேஸ்திரிக்குப் பரலோகத்தில் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது. "அங்க போய்ச் சேந்துட்டா கவலயே இல்ல, ஃபாதர். போற வழிதான் பேஜாரா கீது" என்றாராம்.

இதில் நான் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு கம்பி. ஒரு நாள் காலை மூன்றாவது அடுக்கிலிருந்து யாரோ கைநழுவவிட்ட கம்பி நேராகக் கீழே வந்தது. என் வலது காலிலிருந்து ஒரு சாண் தள்ளி இரும்புத் தளத்தில் மோதி, ஒரு முறை குதித்து, படுத்தது. சுற்றி நின்றவர்கள் அலறினார்கள். மேஸ்திரி மாதாவைக் கூப்பிட்டார். நான் மட்டும் சத்தம் போடாமல் நின்றேன். பிறகு குனிந்து கம்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். எனக்குப் பயத்தில் குரல் வரவில்லை என்பதுதான் உண்மை. சின்ன வயதிலிருந்தே நான் அப்படித்தான். எதிரில் இருப்பவர் கேட்டதற்கு என் மனத்தில் பதில் தயாராவதற்குள் அவர் இரண்டு கேள்வி தாண்டிப் போயிருப்பார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு நின்றபோது டீச்சர், "இந்தப் பையன் இவ்வளவு நாள் இங்கேதான் இருந்தானா?" என்று கேட்டார்.

அன்று மதியம் மேஸ்திரி சாப்பாட்டு டப்பாவோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கேங்கில் யாரோடும் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பொரித்த சங்கரா மீனில் ஒரு துண்டை என் சோற்றின்மேல் வைத்தார்.

"உனுக்குப் பயமே கெடியாதா நைனா?"

நான் மீனில் முள் எடுக்கத் தொடங்கினேன்.

"வியாசர்பாடில புத்தர் கோயிலுக்குப் போறியாமே. அங்க இன்னா சொல்லித் தராங்க? சாவுக்குப் பயப்படாம இருக்க எதுனா மருந்து கீதா?"

எங்கள் குடும்பம் அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்துவிட்டது. மாடியில் தகரக் கூரை போட்ட சின்ன விகாரை ஒன்று எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிறு காலையில் அங்கே போவேன். எல்லாரும் சேர்ந்து சொல்வதால் தனியாகப் பேச வேண்டியதில்லை என்பது எனக்கு அங்கே பிடித்த விஷயம். பஞ்சசீலம் சொன்ன பிறகு ஐந்து வரிகள் தமிழில் சொல்வோம். மூப்பு எனக்கு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. நோய் எனக்கு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. சாவு எனக்கு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. எனக்குப் பிரியமானவை எல்லாம் ஒரு நாள் என்னை விட்டுப் போகும். நான் செய்த செயல்கள் மட்டுமே எனக்குச் சொந்தம். இவற்றைத் தினமும் நினைத்துப் பார்க்கும்படி புத்தர் சொன்னதாக பிக்கு சொல்வார். இது பயத்தைத் துரத்துகிற மந்திரம் அல்ல, இருப்பதை இருக்கிறபடி பார்ப்பதற்கு, பயம் இருந்தால் அந்தப் பயத்தையும் பார்ப்பதற்கு என்றும் சொல்வார். நான் ஐந்து வரிகளையும் மேஸ்திரிக்குச் சொன்னேன். பிக்கு சொன்ன இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அதற்குள் மீன் ஆறிக்கொண்டிருந்தது, மேஸ்திரியும் ஓர் அட்டையைக் கிழித்து நீட்டி, "எழுதிக் குடு" என்றுவிட்டார். கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதை வீட்டில் தனியாக உட்கார்ந்து படித்துப் பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். ஆனால் முப்பது வருடம் கேங் நடத்திய மனிதருக்கு எதையும் தனியாகச் செய்யத் தெரியாது. எங்களுக்குத் தினமும் வேலை தொடங்கும் முன் பாதுகாப்புக் கூட்டம் நடக்கும். மேஸ்திரி கேட்பார், நாங்கள் வரிசையில் நின்று பதில் சொல்வோம். "ஹெல்மெட்டு?" "போட்டாச்சு." "பெல்ட்டு?" "மாட்டியாச்சு." "எவனாவது ஊத்திகினு வந்துகீறானா?" "இல்ல." மறுநாள் காலை, இல்ல என்று சொல்லி நாங்கள் கலையப் போகும்போது மேஸ்திரி கை காட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்தார்.

"மூப்பு எனக்கு உண்டு. சொல்லுங்கடா."

பன்னிரண்டு பேரில் நான் ஒருவன் மட்டும் தரையைப் பார்த்தேன். மற்றவர்கள் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார்கள். கிரேனுக்குக் கை காட்டி வழி சொல்கிற சிக்னல்காரர் ஒருவர் எங்கள் கேங்கில் இருந்தார். கைக்கு வேலை இல்லாத நேரமெல்லாம் அவருக்கு வாய்க்கு வேலை இருக்கும்.

"காலங்காத்தால இன்னா மேஸ்திரி இது? கருமாதிப் பத்திரிகை படிக்கிற மாரி கீது."

"பயம் போறதுக்குடா. சொல்லு."

"எனுக்குத்தான் பயமே இல்லியே."

"இப்ப வரும், அப்பால போவும். சொல்லு."

இரண்டாவது வரியையும் மேஸ்திரி சொன்னார், நாங்கள் திருப்பிச் சொன்னோம். மூன்றாவது வரி வந்ததும் அட்டையை எங்கள் பக்கம் திருப்பிப் பிடித்து, "மூணு" என்று மட்டும் சொல்லி ஒரு விசில் அடித்தார். நாங்கள் வாசித்தோம். நான்காவதிலிருந்து மறுபடி அவர் குரல் வந்தது. மறுநாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கூட்டத்தில் எல்லாரும் வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருப்பதால் அவர் அந்த வரியைத் தவிர்ப்பது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பேசாமல் இருப்பவனுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.

பத்து நாளில் கேங்கே கொஞ்சம் மாறிப்போனது. இரண்டு வருடமாகத் தம்பியோடு பேசாதிருந்த ஒருவர் டீ குடிக்கும் நேரத்தில் தம்பிக்கு போன் போட்டார். பேசி முடிப்பதற்குள் மறுபடி சண்டை வந்துவிட்டது என்பது வேறு விஷயம். சிக்னல்காரர் நான்காவது வரியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிரியமானதெல்லாம் போய்விடும் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரின் டப்பாவிலிருந்து பிரியாணியை எடுத்துத் தின்பார்.

அந்தச் சமயத்தில்தான் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் புதிதாக வந்து சேர்ந்தார். தெற்குப் பக்கத்து இளைஞர், மரியாதையாகப் பேசுவார். ஒரு நாள் காலை எங்கள் கொட்டகையைக் கடந்தவர், ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்ட பன்னிரண்டு பேர் வரிசையில் நின்று, "சாவு எனக்கு உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது" என்று ஒரே குரலில் கத்துவதைக் கேட்டார். எங்கள் பெல்ட்டுகளில் பாதிக்குக் கொக்கி கிடையாது. கயிற்றால் கட்டியிருப்போம். எட்டு மாதமாகக் கேட்டும் புதிது வரவில்லை. அவர் நின்றார், கயிறுகளைப் பார்த்தார், வேகமாகத் திரும்பி நடந்தார். இது புது மாதிரியான போராட்டம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

மதியம் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எழுதிக் கொடுத்தது யார் என்று விசாரித்தபோது சிக்னல்காரர் இரண்டு கையாலும் என்னைக் காட்டியிருக்கிறார், கிரேனுக்குக் காட்டுவதுபோல. ஏசி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வேர்த்தது.

"பயப்படாதீங்க. உங்க கோரிக்கை என்னன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார்."

"இதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"

மேஸ்திரியை மாட்டிவிடக் கூடாது என்று நினைத்தேன். பிக்குவையும் இழுக்கக் கூடாது. வாயில் வந்தது உண்மைதான்.

"புத்தரு சார்."

அவர் எழுதிக்கொண்டார். "எந்த கேங்?"

மூன்றாம் நாள் பன்னிரண்டு பெல்ட்டும் பன்னிரண்டு ஜோடிக் கையுறையும் வந்தன. படி உடைந்த ஏணிக்குப் பதில் புது ஏணி வந்தது. பக்கத்துக் கேங்குக்காரர்கள் வந்து அந்த அட்டையை போனில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு விஷயம் புரிந்ததும் அதிகாரி தானாகவே சிரித்தார். ஐந்தாவது வரியை மட்டும் நீல எழுத்தில் அச்சடித்து, ஹெல்மெட் போட்ட ஒரு தொழிலாளியின் படத்தோடு வாசலில் மாட்டினார். நான் செய்த செயல்கள் மட்டுமே எனக்குச் சொந்தம். மற்ற நாலையும் மாட்டச் சொல்லி மேஸ்திரி கேட்டார். அவை கம்பெனி வாசலுக்குப் பொருந்தாது என்றுவிட்டார்கள். மேஸ்திரிக்கு அதில் வருத்தம் இருந்தாலும், "உன் ஆளு பவரானவருடா. எட்டு மாசம் நான் கத்துனதுக்கு வரல, அவரு அஞ்சு லைன்ல வாங்கிக் குடுத்துட்டாரு" என்று என் முதுகில் தட்டினார். நான் அந்தப் பெருமையை மறுக்கவில்லை. மறுப்பதற்கும் பேச வேண்டுமே.

ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாவது அழைப்பு வந்தது. திங்கட்கிழமை காலை வந்து படுக்க வேண்டும். மேஸ்திரி அந்தச் செய்தியை அவ்வளவு அமைதியாகக் கேட்டதைப் பார்த்து கேங்கே ஆச்சரியப்பட்டது. சனிக்கிழமை மதியம் மறுபடி என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பயம் போச்சுடா" என்றார்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அப்ப திங்கக்கெழம கெளம்பிடலாம் மேஸ்திரி."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்குடா? பயம் கீறவன்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவான். எனுக்குத்தான் போச்சே. வர்றது வரட்டும், நான் ரெடியா கீறேன்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். விகாரையில் இருக்கிற சிலைபோல முகத்தை வைத்துக்கொள்ள முயன்றார். மீசை மட்டும் ஒத்துழைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா எனக்கு போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். நிதானமாகப் பேசினார். "இன்னா தம்பி சொல்லிக் குடுத்த நீ? நான் ரெடியா கீறேன், ரெடியா கீறேன்னு பெருசு குந்திகினு கீது. அவுரு ரெடியா இருக்கலாம்பா. நான் ரெடியா இல்லியே."

ஞாயிற்றுக்கிழமை விகாரையில் எல்லாரோடும் சேர்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மனிதர் பயத்தால் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மூன்றாவது முறை பயமே இல்லை என்று சொல்லிப் போகாமலிருக்கப் போகிறார். அந்த இரண்டாவது வசதியை அவருக்கு ஏற்படுத்திக் கொடுத்தவன் நான். கம்பி விழுந்த அன்று, எனக்கும் பயம்தான் மேஸ்திரி என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. சாவு எல்லாருக்கும் உண்டு என்று நினைக்கச் சொன்ன புத்தர், மருந்து சாப்பிடாதே என்று எங்கும் சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லத்தான் கூச்சம்.

திங்கள் காலை ஏழு மணிக்கு ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா பிளாஸ்க், தட்டு, இரண்டு லுங்கி எல்லாவற்றையும் கூடையில் அடுக்கி வாசலில் வைத்திருந்தார். கொட்டகையிலிருந்த மஞ்சள் பையை அதற்கு முந்தின நாளே சிக்னல்காரர் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்திருந்தார். மேஸ்திரி பனியனோடு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தார்.

"வா நைனா. நீயே சொல்லு இவளுக்கு. நான் ரெடி."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சும் உட்கார்ந்துவிடும். "மேஸ்திரி, எனுக்குப் பயம்" என்றேன்.

"எதுக்கு?"

"சாவுக்கு. அன்னிக்கு ராடு வுழுந்தப்ப நான் தெகிரியமா நிக்கல. வாய் வரல, காலு வரல. ரெண்டு நாள் சோறு எறங்கல. வூட்ல பாத்ரூமுக்குள்ள போய் அழுதேன். தெனம் அந்த மூணாவது லைன் சொல்றப்ப வயித்துல கல்லு வுழற மாரி கீது. இத்தினி வருசமா சொல்றேன், இன்னும் போவல. போவும்னு யாரும் சொல்லவும் இல்ல. பயம் கீதுன்னு தெரிஞ்சிகினு வேலையப் பாக்கணும், அவ்ளோதான். பயம் போச்சுன்னு நீங்க சொன்னீங்களே, அது போவல மேஸ்திரி. ரெடின்னு வேற பேர் வெச்சிகினு குந்தினு கீது."

என் வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் பேசியதில் அதுதான் நீளமானது.  மேஸ்திரியின் முகம் சிவந்தது.

"ஏண்டா, ஒரு பயந்தாங்கொள்ளிகிட்டயாடா நான் பாடம் கத்துகினேன்? கேங்கயே நிக்க வெச்சு சொல்ல வெச்சேனேடா."

"ஆமா மேஸ்திரி."

"மூணாவத நான் ஒரு நாளும் சொல்லலடா."

"தெரியும் மேஸ்திரி."

"தெரிஞ்சுமா கம்முனு இருந்த?"

"கூச்சமா இருந்துச்சு."

அவர் சிரிக்கப் போகிறாரா அடிக்கப் போகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அகலமான முதுகு குலுங்கியது. "பயமா கீதுடா" என்ற குரல் விரலிடுக்கிலிருந்து வந்தது. அது கேங்கை அதட்டுகிற குரலே இல்லை. அக்கா அவர் தலையில் கை வைத்தார். பிறகு, "ரெண்டு ஆம்பிளைங்களும் பயந்து முட்ச்சிட்டீங்கன்னா, வெளியே ஆட்டோ நிக்குது" என்றார்.

ஆட்டோவில் மேஸ்திரி நடுவில் உட்கார்ந்தார். அவர் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் கை மரத்துப்போனது. கல்மண்டபம் தாண்டும்போது, யாரையும் பார்க்காமல், அட்டை இல்லாமல், முதல் வரியிலிருந்து தொடங்கினார். மூன்றாவதில் நின்றார்.  "சாவு எனுக்கு உண்டு" என்று மெதுவாகச் சொன்னார். மறுபடி, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். நானும் சொன்னேன். அக்காவும் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். "நான் சொம்மா மெதுவாவே ஓட்றேன் சார், ஒண்ணும் ஆவாது" என்றார்.

புதன்கிழமை காலை ஆபரேஷன். தலைக்குப் பச்சைத் துணி கட்டித் தள்ளுவண்டியில் படுக்கவைத்து மேஸ்திரியைக் கொண்டுவந்தார்கள். மீசையை எடுத்துவிட்டிருந்ததால் முதலில் எனக்கு வேறு யாரோ என்று பட்டது. கதவருகே அவர் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தச் சொன்னார். கன்டெய்னரை நிறுத்துகிற அதே கை. வண்டி நின்றது.

"பயந்துகினு கீறியா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா மேஸ்திரி."

"நல்லது. எனுக்கு மயக்க ஊசி போட்ருவாங்க, என்னால முடியாது. எனுக்கும் சேத்து நீயே பயந்துகினு இரு. நான் உள்ள போய்ட்டு வந்துர்றேன்."

கதவு மூடிக்கொண்டது. அக்கா ஜெபமாலையை எடுத்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் கொடுத்த வேலையைத் தொடங்கினேன். அதுவரை மேஸ்திரி சொன்ன எந்த வேலையையும் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. நடுவில் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. இரண்டு பேருக்கான பயம் என்றாலும், முந்தைய ஒருவருக்கான பயத்தைவிட அது ஏனோ சுமக்க லேசாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் இரண்டு நிமிடம் பார்க்கவிட்டார்கள். மூக்கிலும் கையிலும் குழாய்கள். கண் திறந்து என்னைத் தேடிப் பிடித்தார்.

"பயந்தியா?"

"பயந்தேன் மேஸ்திரி."

"நல்லா?"

"நல்லா."

"சரி. ஷிஃப்ட் முட்ஞ்சிது. வூட்டுக்குப் போ."

அதற்குப் பிறகு மேஸ்திரி ஏழு வருடம் இருந்தார். வேலைக்குத் திரும்பவில்லை. சாவு மேளம் கேட்டால் கடைக்குள் ஓடுவதை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றார், அக்காவின் முந்தானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. போன வருடம் ஒரு மதியத்தில், வீட்டில், சாப்பிட்ட பிறகு இறந்துபோனார். கடைசியில் பயந்தாரா என்று நான் அக்காவைக் கேட்டேன். நானாகப் போய் ஒருவரிடம் கேட்ட கேள்விகள் குறைவு. "பயந்தாரு. பயமா கீதுன்னு வாய் தொறந்து சொன்னாரு. நான் கீறேன்னு சொன்னேன். அப்பால தூங்குற மாரி போய்ட்டாரு" என்றார்.

இப்போது காலைக் கூட்டத்தை நான்தான் எடுக்கிறேன். என் குரல் பின்வரிசைக்குக் கேட்பதில்லை. சத்தமா சொல்லு மேஸ்திரி என்று சிக்னல்காரர் தினமும் கத்துகிறார். மூன்றாவது வரி வரும்போது என் வயிற்றில் கல் விழுகிறது. இனி அது ஒருவருக்கான பயம் மட்டும்தான். அந்த வரியையும் சொல்லிவிட்டு, பெல்ட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டு, ஏணியில் ஏறுகிறேன்.